பானெட்டுக்குள் எரிந்த விளக்கு

அன்புள்ள அண்ணி,

நேற்று காலை என் மகன் ஒரு பழைய காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக பானெட்டைத் தூக்கினான். தூக்கியதும் உள்ளே ஒரு சின்ன பல்பு எரிந்தது. நான் கையில் வைத்திருந்த கீரைக்கட்டு நழுவிக் கீழே விழுந்துவிட்டது. என்னம்மா, என்ன ஆச்சு என்று ஓடிவந்தான். ஒன்றுமில்லை, தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். பட்டப்பகல் வெளிச்சத்தில் அந்த பல்பு எரிவதே சரியாகத் தெரியவில்லை. ஆனால் கீழே கிடந்த கீரையை எடுக்க நான் எழுந்து போக வெகுநேரம் ஆனது.

நீங்கள் போய் இன்னும் ஒரு வருடம்கூட நிறையவில்லை. கல்லறையில் உங்களுக்கு மண் அள்ளிப் போட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. நேற்று அந்த பல்பைப் பார்த்ததும் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கும் எனக்கும் அதிகம் வயது வித்தியாசம் கிடையாது. கல்மண்டபத்து வீட்டுக்கு நீங்கள் மருமகளாக வந்தபோது அம்மா இறந்து போயிருந்தார்கள். அப்பா, நம் நைனா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் சரக்குக் கப்பலில் என்ஜினியர், மாதக்கணக்கில் கடலில் இருப்பவர். நான் ராயபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருட்டறை வேலை பார்த்தேன். ஆக, பெரும்பாலான நாட்களில் அந்த வீட்டில் நீங்களும் நானும் மட்டும்தான். எண்ணூர்க்காரப் பெண் என்று தெருவில் சொன்னார்கள். உங்கள் அப்பா உப்பு லாரி ஓட்டியவர் என்பதும், உப்பளத்து மண்ரோட்டில் பாவாடையைச் செருகிக்கொண்டு நீங்கள் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டவர் என்பதும் எனக்கு மட்டும்தான் கொஞ்ச நாள் தெரிந்திருந்தது. நைனாவிடம் சொல்லாதே ரோஸி என்று சிரித்தீர்கள்.

பிறகு அந்தக் கார் வந்தது. திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. இரண்டே இரண்டு சீட். மேலே கூரை கிடையாது, மழைக்கு இழுத்துப் போடும் துணி மட்டும். வண்டியில் பாதி நீளத்துக்கு பானெட்தான். பச்சை நிறம். அண்ணனுக்கு சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்து வந்ததிலிருந்து பிடித்த பைத்தியம் அது. சந்துக்குள் அதை ஓட்டிவந்த அன்று தெருவே கூடி நின்றது. வீட்டை ஒட்டி, முன்பு வலை போட்டுவைத்த ஜன்னலில்லாத கொட்டகை ஒன்று இருந்ததே, அதில்தான் நிறுத்தினார். தார் வாசனையும் கருவாட்டு வாசனையும் போகாத அந்தக் கொட்டகையில் அந்த வண்டி நின்றதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும்.

அண்ணன் கப்பலேறுவதற்கு முன்னால் வண்டியை உங்கள் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார். சும்மா நின்றால் எஞ்சின் இறுகிவிடும், வாரம் ஒரு தடவையாவது எடுத்து ஓட்டு என்றார். உங்களுக்கு லாரியே ஓட்டத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் வீட்டில் வெளியானது. நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களைப் பார்த்து அப்படிச் சிரிக்கத் தெரிந்த மனிதர் அவர்.

போவதற்கு முன் இன்னொன்றும் செய்தார். அந்த வண்டியின் பானெட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன விளக்குகள் இருந்தன. பானெட்டைத் திறந்தால் தானாக எரியும், மூடினால் அணையும். வெளிச்சம் போதவில்லை என்று அவற்றில் பெரிய பல்பாகப் பார்த்து மாட்டினார். கப்பல் எஞ்சினைப் பகல் மாதிரி வெளிச்சத்தில் பார்த்துப் பழகியவர்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நீங்களும் நானும் அந்த வண்டியில் எண்ணூருக்குப் போவோம். காசிமேட்டைத் தாண்டியதும் கடற்கரை ரோட்டில் தலைமுடியெல்லாம் பறக்கும். நான் முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொள்வேன். உங்கள் அம்மா இறால் வறுத்து வைத்திருப்பார்கள். சாயங்காலம் திரும்பி வருவோம். அவ்வளவுதான் நமது ஊர்சுற்றல் எல்லாம்.

பேட்டரி தகராறு எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். கோடை தொடங்கி வெயில் கொளுத்திய நாட்கள். ஒரு ஞாயிறு, பூசைக்குக் கிளம்பிச் சாவியைத் திருகினால் வண்டி முனகக்கூட இல்லை. மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தள்ளிவிட்டார்கள். "இன்னாம்மா, இத்த ஓட்றதுக்கு வாங்கினீங்களா, தள்றதுக்கு வாங்கினீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். நீங்கள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தீர்கள். அடுத்த வாரமும் அதே கதை. பேட்டரியைக் கழற்றி ரிக்‌ஷாவில் வைத்து, திருவொற்றியூர் ஹைரோட்டில் சார்ஜ் ஏற்றும் கடைக்குக் கொண்டு போனோம். சார்ஜ் ஏற்றி மாட்டினால் அன்றைக்கு ஓடும். ராத்திரி நிறுத்தி காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கும். மெக்கானிக் வந்து டைனமோவைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அவர் பானெட்டைத் திறந்து குனிந்தபோது விளக்குகள் எரிந்தன. திறந்தால் எரியவேண்டிய விளக்குதானே. அந்த வெளிச்சத்தில்தான் அவர் மற்ற எல்லாவற்றையும் சோதித்தார்.

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ பேட்டரியைத் திருப்பி எடுத்து வர நைனாவும் நம்மோடு வந்தார். கடைக்கார பாய் பேட்டரியைத் தட்டிக் காட்டிவிட்டு, மனதில் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னார்:

"பேட்டரி நல்லாத்தாங்கீது நைனா. ராத்திரில யாரோ லைட்டப் போட்டு வண்டிய ஓட்டிகினு கீறாங்க. வூட்ல கேட்டுப் பாரு."

நீங்களும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். நைனா சிரிக்கவில்லை. அது அப்போது என் கண்ணில் படவில்லை.

நைனாவுக்கு அந்த நாட்களில் இரவு ஷிப்ட். விடிந்து வீட்டுக்கு வரும்போது கொட்டகையைத் தாண்டித்தான் வரவேண்டும். பாய் சொன்னதற்கு மறுநாள் கொட்டகைக்குள் போய் வண்டியின் பானெட் மேல் கை வைத்துப் பார்த்திருக்கிறார். சூடாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு சார்ஜ் ஏற்றி மாட்டிய ஒவ்வொரு தடவையும் மறுநாள் விடியலில் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சூடு. யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி உங்களிடமிருந்து சாவியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சார்ஜ் ஏற்றிய பேட்டரியைத் தானே நின்று மாட்டவைத்தார். அடுத்த நாள் காலையிலும் பானெட் சூடாக இருந்தது, பேட்டரி தீர்ந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் யோசித்திருப்பார்கள். சாவி தன் பையில் இருக்கும்போது வண்டி எப்படிப் போகும் என்று கேட்டிருப்பார்கள். நைனாவுக்குத் தோன்றியது என்ன தெரியுமா அண்ணி? நீங்கள் கள்ளச்சாவி வைத்திருக்கிறீர்கள் என்று. இதைப் பிற்பாடு அவர் வாயாலேயே கேட்டேன்.

அண்ணனின் கப்பல் வந்தது. கரைக்கு வரும் நாள் தெரிந்து முதல் நாளே வண்டியைக் கழுவித் துடைத்தீர்கள். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி மாட்டிவைத்தீர்கள். வந்ததும் சாவியைத் திருகியவுடன் ஓட வேண்டும், இல்லையென்றால் என் மானம் போய்விடும் என்றீர்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் அடுக்களையில் அவருக்காக ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன்.

ஷிப்ட் முடிந்த நைனாவும் கப்பலிலிருந்து இறங்கிய அண்ணனும் சேர்ந்து நடந்து வந்திருக்கிறார்கள். துறைமுக வாசலிலிருந்து கல்மண்டபம் வரும் வரைக்கும் நைனா சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். சந்து முனையில் பெட்டி உரசும் சத்தம் கேட்டு நான்தான் முதலில் வாசலுக்கு ஓடினேன். அண்ணன் வீட்டுக்குள் வரவில்லை. பெட்டியைத் தொப்பென்று தெருவிலேயே போட்டுவிட்டு நேரே கொட்டகைக்குள் போனார். பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். கையை எடுக்காமல் கொஞ்சநேரம் அப்படியே நின்றார். வண்டியைத் தடவிக் கொடுக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்புறம் உள்ளே வந்தார். நீங்கள் கையில் தண்ணீர்ச் சொம்போடு அடுக்களை வாசலில் நின்றீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. அவர் உங்களைப் பார்த்து ஒரே வார்த்தை கேட்டார்.

"யாரு?"

உங்களுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. யாரைக் கேட்கிறார் என்று நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நைனாதான் பின்னால் நின்றுகொண்டு விளக்கினார். ராத்திரியில் வண்டி வெளியே போகிறது, விடிவதற்குள் திரும்பி வருகிறது, அவன் பேரைச் சொல்லச் சொல் என்றார். தெருவில் கேட்டுவிடுமோ என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அப்பேர்ப்பட்ட வார்த்தையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த அவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

நான் அலறியிருக்கவேண்டும். என்னோடு ஒரே அறையில் படுத்துத் தூங்குகிறவர்கள் அண்ணி, எழுந்தால் எனக்குத் தெரியாதா என்று மட்டும்தான் சொன்னேன். நீ தூங்கினால் பிணம் மாதிரி தூங்குவாய் என்றார் நைனா. அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் அழவில்லை. சத்தியம் செய்யவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவர்களைத் தாண்டி நடந்து கொட்டகைக்குள் போனீர்கள். அவர் கை வைத்த இடத்திலேயே நீங்களும் கையை வைத்தீர்கள். பிறகு கையை நகர்த்தினீர்கள். எஞ்சினுக்கு நேர் மேலே, நடுவில், முன்னால், மறுபடி ஓரத்தில். உங்கள் முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"ரோஸி, இங்க வா. கைய வை."

வைத்தேன். நடுவில் இரும்பு ஜில்லென்று இருந்தது. ராத்திரி முழுக்க அசையாமல் நின்ற இரும்பின் குளிர்ச்சி. இரண்டு ஓரத்திலும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், இட்லித் தட்டைத் தொட்டாற்போல் வெதுவெதுப்பு. வண்டி ஓடியிருந்தால் நடுவில்தானே சூடு இருக்கவேண்டும்? அந்த இரண்டு இடத்துக்கும் நேர் கீழே என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த விளக்குகள் மூடிய பானெட்டுக்குள் விடிய விடிய எரிந்துகொண்டிருந்திருக்கின்றன. நாம் தூங்கும்போது, பூசையில் இருக்கும்போது, மெக்கானிக் டைனமோவையும் பெல்ட்டையும் சோதித்துக்கொண்டிருந்த நாளெல்லாம்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அவர் தொட்டுப் பார்த்தார். பிறகு பானெட்டைத் திறந்தார். விளக்குகள் மங்கலாக எரிந்தன. திறந்தால் எரியத்தானே செய்யும் என்றார் நைனா. மூடினால் அணைந்துவிடுகிறதா இல்லையா என்று மூடியபிறகு யார் உள்ளே போய்ப் பார்ப்பது? சீட்டுக்குப் பின்னால் இருந்த பேட்டரியின் ஒயரைக் கழற்றி, பானெட் மூடியிருக்கும்போதே தொட்டுத் தொட்டுக் காட்டினீர்கள். சின்னப் பொறி பறந்தது. வண்டியில் கடிகாரம் ஓடுகிறதே, அதற்காகப் பறக்கலாம் என்றார் நைனா. அண்ணன் அந்த ஒயரைக் கையில் வாங்கிப் பார்த்தார். என்ஜினியர் அவர். அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். ஆனால் காதில் விழுந்துவிட்ட வார்த்தை அதற்குள் அவரை வேறு எங்கேயோ கொண்டு போயிருந்தது.

எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது. இருட்டறையில் வேலை பார்ப்பவளுக்கு வரக்கூடிய ஒரே யோசனை. போட்டோ தாளில் வெளிச்சம் பட்டால் அது கறுக்கும். படாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். அதை யாரும் ஏமாற்ற முடியாது. சாயங்காலம் கொண்டு வருகிறேன் என்றேன். ஸ்டூடியோ முதலாளியிடம் கேட்டு நாலைந்து தாளும், கழுவும் மருந்து இரண்டு பாட்டிலும், தட்டும் வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டார். வீட்டில் ஒரு படம் எடுக்கவேண்டும் என்றேன். பகலில் அண்ணன் பேட்டரியைத் தோளில் சுமந்து திருவொற்றியூருக்குப் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ரிக்‌ஷா வைத்துக்கொள்ளவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் நாலு பேரும் கொட்டகைக்குள் போனோம். கதவை மூடி, இடுக்குகளில் சாக்கைத் திணித்தோம். டார்ச் லைட்டில் சிவப்புத் தாளைக் கட்டி எடுத்து வந்திருந்தேன். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் எல்லார் முகமும் ஒரே மாதிரி தெரிந்தது. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினீர்கள். எஞ்சின் மேல், ஒரு விளக்குக்கு நேர் கீழே தாளை வைத்தேன். பானெட்டை மூடினோம். வெளியே கோயில் மணி அடித்து ஓய்ந்தது. திறந்து எடுத்து மருந்தில் போட்டேன். தாள் வெள்ளையாகவே கிடந்தது.

நைனா நீண்ட மூச்சு விட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இது விளக்குக்குக் கரண்டு போகாமல் வைத்த தாள், வேறு வெளிச்சம் எதுவும் உள்ளே வரவில்லை என்று காட்டத்தான் என்று நான் அவசர அவசரமாகச் சொன்னேன். நீங்கள் மட்டும் அசையாமல் நின்றீர்கள்.

அடுத்த தாளை வைக்கும்போது நீங்கள் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை எடுத்து அதன் மேல் வைத்தீர்கள். பானெட்டை மூடினோம். அதற்குப் பிறகு ஒயரை மாட்டினீர்கள். காத்திருந்தோம். ஒயரைக் கழற்றி, பானெட்டைத் திறந்து, தாளை மருந்தில் நழுவவிட்டேன்.

ஆயிரம் படம் கழுவியிருப்பேன் அண்ணி. கல்யாணப் படம், பிணத்தை உட்காரவைத்து எடுத்த படம், எல்லாம். எதையும் அப்படிக் குனிந்து பார்த்ததில்லை. தாள் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கியது. கண் முன்னால் முழுசும் கரியாகிவிட்டது. நடுவில் உங்கள் கொண்டை ஊசி மட்டும் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு, பெரிய பல்பு நான்தானே போட்டேன், நான்தானே போட்டேன் என்று முனகினார். நைனா தட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "செரி, அதான் தெரிஞ்சிபூட்ச்சே. சோறு எட்த்து வை" என்றார்.

என் காதையே நம்ப முடியவில்லை. காலையில் குரலைத் தாழ்த்திச் சொன்ன அதே வாய். நீங்கள் அடுக்களைக்குப் போய் அவருக்குச் சோறு போட்டீர்கள். குழம்பு ஊற்றினீர்கள். இரண்டாவது தடவை சோறு வேண்டுமா என்றுகூடக் கேட்டீர்கள். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பூராவும் நீங்கள் வண்டியோடுதான் இருந்தீர்கள். அண்ணன் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தீர்கள். நான் பக்கத்தில் நின்று பிடித்துக் கொடுத்தேன். பானெட் விளிம்புக்குக் கீழே ஒரு சின்னக் குமிழ் சுவிட்ச் இருந்தது. பானெட் மூடும்போது அதை அழுத்தி விளக்கை அணைக்கவேண்டும். அதன் தலையில் இருந்த ரப்பர் வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிட்டிருந்தது. ஒரு சுண்டுவிரல் நகத்தின் உயரம் குறைந்ததால் பானெட் அதைத் தொட்டதே ஒழிய முழுசாக அழுத்தவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு பொட்டு ரப்பர்.

பெரிய பல்புகளைக் கழற்றி எறிந்துவிட்டுச் சின்ன பல்புகளை மாட்டினீர்கள். பழைய செருப்பிலிருந்து ரப்பர் வெட்டிக் குமிழின் தலையில் ஒட்டினீர்கள். அதோடு விடவில்லை. பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராக வந்த ஒயரை வெட்டி, சைடு லைட் ஒயரோடு சேர்த்தீர்கள். இனிமேல் வெளியே சைடு லைட் எரிந்தால்தான் உள்ளே அந்த விளக்குகள் எரியும். எதற்கு இந்தச் சுற்றுவேலை என்று கேட்டேன்.

"உள்ள எரியறது வெளியில நிக்கறவனுக்கும் தெரியட்டும்" என்றீர்கள்.

வேலை முடிந்தது. கையை மண்ணெண்ணெயிலும் சோப்பிலும் தேய்த்துக் கழுவினீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நான் அடுப்பில் உலை வைத்தேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் புடவை மாற்றிக்கொண்டு, பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் கொட்டகை வாசலில் வழிமறித்து நின்றார். என்னை அடி, திட்டு, எது வேண்டுமானாலும் செய், போகாதே என்றார். கடலில் புயலுக்கு அசராத மனிதர் நடுத்தெருவில் கையெடுத்துக் கும்பிட்டார். நீங்கள் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்:

"வண்டியத் தொட்டுப் பாத்துட்டு வந்தீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போய்த் தொட்டிருக்கலாம்."

அவர் விலகி நின்றார். சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பியது. நான் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டேன். அதான் தாளில் எல்லாம் தெரிந்துவிட்டதே அண்ணி, இன்னும் ஏன் என்று அழுதேன். நீங்கள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டீர்கள்.

"அந்த ரெண்டு பல்பும் முந்தாநாளே ப்யூஸ் போயிருந்துச்சுன்னு வெச்சுக்க ரோஸி. தாளு வெள்ளையா வந்திருக்கும். இப்ப நான் யாரு?"

நான் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்தத் தாளைக் கறுக்கவைத்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. நீங்கள் கேட்டதும் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. வண்டி சந்து முனையில் திரும்பும் வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.

எண்ணூரில் உங்கள் அம்மா வீட்டு வாசலில் அண்ணன் பஸ்ஸில் போய்ப் போய் உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. தண்ணீர் கொடுப்பீர்கள், சாப்பாடும் போடுவீர்கள், சாயங்கால பஸ்ஸுக்கு அனுப்பிவைத்துவிடுவீர்கள். அவர் கப்பலேறினார். திரும்பி வந்தார். மறுபடியும் அதே வாசல். இதற்கிடையில் நீங்கள் அங்கே ஒரு கன்னியாஸ்திரீ மடத்துப் பள்ளிக்கூட வேனுக்கு டிரைவராகிவிட்டீர்கள். குப்பத்துப் பெண்களுக்கு இடுப்புவலி எடுத்தால் அந்த இரண்டு சீட் வண்டிதான் ஆஸ்பத்திரிக்குப் பறக்கும் என்று உங்கள் அம்மா சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் பேட்டரி தீரவில்லை.

கடைசியில் அவர் கப்பல் வேலையையே விட்டார். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராகச் சேர்ந்தார். அப்போதுதான் அவரை உள்ளே படுக்கச் சொன்னீர்கள். கல்மண்டபத்துக்கு மட்டும் வரமுடியாது என்றீர்கள். வரவும் இல்லை. உங்கள் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று நைனா கோயிலில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்றார். நீங்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு எல்லாரையும் தாண்டிப் போய் அவர் கையில் கொடுத்தீர்கள். அந்தக் கிழவர் பிள்ளையைக் கீழே போட்டுவிடுவாரோ என்று நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பழியைப் பற்றி அவர் உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றைக்கும் பேசவில்லை, சாகும்வரையிலும் பேசவில்லை. எப்படிக் கொடுக்க மனம் வந்தது என்று உங்களைக் கேட்டேன். பிள்ளைக்கும் அந்தப் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்றீர்கள். நைனா இறந்தபோது வந்தீர்கள். சந்தில் நின்று சவப்பெட்டியைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு, வீட்டுப் படி ஏறாமல் கல்லறைக்கு நடந்தீர்கள்.

அண்ணன் இப்போது என்னோடுதான் இருக்கிறார். காது சரியாகக் கேட்பதில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, அவள் என்னை மன்னித்தாளா ரோஸி என்று கேட்டார். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதர், என்னைக் கேட்கிறார். உங்களிடமே கேட்டிருக்கலாமே அண்ணா என்றேன் அவர் காதருகில். பயமாக இருந்தது என்றார்.

அண்ணி, ஒன்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரம்மா வந்து, பாரிமுனை பஸ் ஸ்டாண்டில் என் மருமகள் யாரோ ஓர் ஆணோடு நின்று அழுதுகொண்டிருந்ததைப் பார்த்ததாக என் காதில் போட்டுவிட்டுப் போனாள். அன்று அவள் ஆபீசிலிருந்து நேரம் கழித்துத்தான் வந்தாள். கண் சிவந்திருந்தது. கைப்பையை மேஜை மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். பையின் வாய் திறந்திருந்தது. செல்போன் மேலேயே கிடந்தது. அண்ணன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார், வீட்டில் வேறு யாரும் இல்லை.

நான் எழுந்து போய் அந்தப் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன். அவள் வந்து உட்கார்ந்தாள். எதிர்வீட்டம்மா வந்து எதையோ சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தட்டையே பார்த்துக்கொண்டு, "அத்தை, என்னை ஒண்ணும் கேக்கலையா?" என்றாள்.

"சொல்லணும்னு தோணினா சொல்லும்மா. முதல்ல சாப்பிடு" என்றேன்.

அவள் சாப்பிட்டாள்.

உங்கள்,
ரோஸி